தன் வழக்கை மட்டும் சுருக்கிச் சொன்ன வக்கீல்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்க வக்கீல் கிளாரன்ஸ் டாரோவின் தன்வரலாற்றை இந்த வட்டத்தில் ஆறு பேர் முழுதாகப் படித்து முடித்திருக்கிறோம். உள்ளே வருவதற்கு முன்னால் டீக்கடையில் நின்று ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டேன். முன் வரிசையில் இருக்கும் டீச்சர் அம்மாவுக்குப் புத்தகம் ரொம்பப் பிடித்துவிட்டது. அவருக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் இளம் வக்கீல், "வழக்கு படிக்கலாம்னு எடுத்தேன் சார், பாதிப் புத்தகம் தத்துவமா இருக்கு" என்றார். பேங்கில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் சொன்னதுதான் என்னை உறுத்தியது: "இந்த மனுஷன் தப்பே பண்ணலையா? எங்கேயும் காணோமே?"

மூன்றுமே சரி. ஆனால் மூன்றாவதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஆளைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. 1857இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர், கின்ஸ்மன் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். அப்பா மேசை நாற்காலி செய்கிறவர். ஊரில் யாராவது இறந்தால் சவப்பெட்டியும் அவர்தான் செய்ய வேண்டும். மத நம்பிக்கை இல்லாத, புத்தகமாக வாங்கிக் குவித்த அப்பா. மகன் சிகாகோவுக்கு வந்து ரயில்வே கம்பெனிக்கு வக்கீலாக இருந்தார். 1894இல் புல்மன் ரயில்பெட்டிக் கம்பெனியில் வேலைநிறுத்தம் வந்தபோது தன் ரயில்வே வேலையை விட்டுவிட்டு, தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸுக்காக வாதாடப் போனார். அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக நாட்டையே கலக்கிய வழக்குகளில் அவர் பெயர் வந்துகொண்டே இருந்தது. புத்தகம் 1932இல் வெளிவந்தது. 1938இல் காலமானார்.

டீச்சர் அம்மாவுக்குப் பிடித்தது டேட்டன் வழக்கு. 1925 ஜூலை, டென்னசி மாநிலத்தில் டேட்டன் என்ற ஊர். மனிதன் பரிணாமத்தில் வந்தவன் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற வாத்தியார் மேல் வழக்கு. வெயில் தாங்காமல், கூட்டம் தாங்காமல், மாடித் தளம் இறங்கிவிடுமோ என்ற பயமும் சேர்ந்து, நீதிபதி விசாரணையை வெளியே புல்வெளிக்குக் கொண்டுவந்துவிட்டார். அங்கே மரத்தடியில், எதிர்த்தரப்பு வக்கீலான வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே பைபிள் தெரிந்த சாட்சி என்று கூண்டில் ஏற்றி, ஆதாமின் மகன் காயினுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்று டாரோ கேட்கிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது அதற்கு மறுநாள். தன் கட்சிக்காரரைக் குற்றவாளி என்று சொல்லிவிடும்படி டாரோவே ஜூரியை, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த பன்னிரண்டு பொதுஜனங்களை, கேட்டுக்கொண்டார்! மேல்கோர்ட்டுக்குப் போக வேண்டும், அதோடு பிரையன் தயார் செய்து வைத்திருந்த நீளமான கடைசிப் பேச்சுக்கும் இடமில்லாமல் போகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நூறு டாலர் அபராதம். அந்த அபராதத்தை ஜூரி விதிக்காமல் நீதிபதியே விதித்துவிட்டார் என்ற ஓட்டையில்தான் 1927இல் தீர்ப்பு ரத்தானது. பரிணாமம் சரியா தப்பா என்ற கேள்வி அந்தரத்தில் நின்றது.

அடுத்து 1924, சிகாகோ. லியோபோல்ட், லோப் என்று இரண்டு பணக்கார வீட்டுப் பையன்கள், பதினான்கு வயதுச் சிறுவனைக் கடத்திக் கொன்றார்கள். ஊரே தூக்கில் போடு என்கிறது. டாரோ இருவரையும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கிறார். ஒப்புக்கொண்டால் ஜூரி கிடையாது, தண்டனையை நீதிபதி ஒருவரே தீர்மானிக்க வேண்டும். பன்னிரண்டு பேர் சேர்ந்து தூக்கு என்றால் பழி பன்னிரண்டாகப் பிரிந்துவிடும். ஒருத்தர் என்றால் ராத்திரி தூக்கம் வராது. இதுதான் கணக்கு. மூன்று நாளில் சுமார் பன்னிரண்டு மணி நேரம் பேசினார். இந்தப் பிள்ளைகள் இப்படி ஆனதற்குப் பரம்பரை, வளர்ப்பு, படித்த புத்தகம் எல்லாம் காரணம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். ஆயுள் தண்டனையோடு இன்னும் 99 வருஷம் கிடைத்தது, கழுத்து தப்பியது.

நம் இளம் வக்கீல் அலுத்துக்கொண்ட தத்துவம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. மனிதனுக்குச் சுயமான விருப்பம் என்று ஒன்று கிடையாது, எல்லாமே காரணங்களின் சங்கிலி என்பது டாரோவின் கட்சி. நீளம்தான். சொன்னதையே சொல்கிறார், நானும் சில பக்கங்களைத் தள்ளினேன். ஆனால் அதைக் கழித்துவிட்டால் அவருடைய வாதங்கள் வெறும் சாமர்த்தியமாக நின்றுவிடும்.

சரி, பேங்க் நண்பருக்கு வருகிறேன்.

நான் செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன். சேர்ந்த புதிதில் ஒரு வயதான சிரஸ்தார், கோர்ட்டின் தலைமை கிளார்க், எனக்குச் சொன்னது: "வக்கீல் சத்தம் போடுற இடத்தை விடு தம்பி. கேஸ் கட்டை வேகமாப் புரட்டுறார் பாரு, அந்த இடத்தைக் கவனி." டாரோ வேகமாகப் புரட்டிய கட்டு லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது.

1910 அக்டோபர் 1, நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகைக் கட்டடத்தில் குண்டு வெடித்து 21 பேர் செத்தார்கள். மக்நமாரா சகோதரர்கள் என்ற இரண்டு தொழிற்சங்கக்காரர்கள் மேல் வழக்கு. டாரோதான் வக்கீல். ஜூரி தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. 1911 நவம்பர் 28 காலை, நட்டநடுத் தெருவில், டாரோவிடம் வேலை பார்த்த பெர்ட் ஃபிராங்க்ளின் என்ற துப்பறிவாளர், ஜூரிக்கு வரவிருந்த ஒருவருக்கு லஞ்சம் கொடுத்ததாகப் பிடிபடுகிறார். பேசிய தொகை நாலாயிரம் டாலர். போலீஸ் முன்னாலேயே மறைந்து நின்றிருந்தது. அந்த நேரம் பார்த்து அதே தெருவைக் கடந்து வருகிறார் டாரோ. தொலைபேசியில் வரச் சொன்னார்கள், அதனால் வந்தேன் என்றார். சில நாளில் சகோதரர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருஷம் டாரோவே குற்றவாளிக் கூண்டில்.

மூன்று மாதம் நடந்தது விசாரணை. ஏர்ல் ராஜர்ஸ் என்ற கெட்டிக்கார வக்கீல் அவருக்காக வாதாடினார். கடைசியில் டாரோ தானே எழுந்து தனக்காகப் பேசினார், அழுதார், ஜூரியிலும் அழுதார்கள். 1912 ஆகஸ்டில் ஜூரி உள்ளே போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, விடுதலை. இன்னொரு ஜூரர் தொடர்பாக அடுத்த வருஷம் இரண்டாவது விசாரணை வந்தது. அதில் ஜூரியில் எட்டுப் பேர் குற்றவாளி என்றார்கள், நாலு பேர் இல்லை என்றார்கள். முடிவில்லாமல் கலைந்தது. அப்புறம் வழக்கைக் கைவிட்டார்கள்.

ராஜர்ஸின் மகள் 1962இல் தன் அப்பாவைப் பற்றி எழுதினார். அதில் வரும் டாரோ உடைந்துபோய் மூக்கைச் சிந்துகிற டாரோ, குற்றம் செய்த டாரோ. மகள் எழுதியது, அப்பா பக்கம் சாயத்தான் செய்யும். ஆனால் பிற்காலத்தில் கோர்ட் ஆவணங்களைப் புரட்டி எழுதியவர்களில் பலரும் டாரோவுக்குத் தெரிந்தேதான் பணம் போயிருக்கும் என்ற பக்கம்தான் சாய்கிறார்கள்.

தன்வரலாற்றில் இந்த இரண்டு விசாரணைக்கும் அவர் கொடுத்த இடத்தை டேட்டனுக்குக் கொடுத்த இடத்தோடு வைத்துப் பாருங்கள். லோப் எந்தப் புத்தகம் படித்தான், யார் வளர்த்தார்கள் என்று கோர்ட்டில் அடுக்கிய மனுஷன், 54 வயது டாரோ அந்தக் காலையில் என்ன நிலைமையில் இருந்தார் என்று மட்டும் அடுக்கவே இல்லை. தன் கொள்கைப்படியே, "எனக்கும் காரணங்கள் இருந்தன" என்று எழுதியிருக்கலாமே? யார் யாருக்கோ கேட்ட மன்னிப்பை அவர் தனக்குக் கேட்கவில்லை. கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவருக்குள் இருந்த வக்கீல் தடுத்திருப்பார் என்பது என் ஊகம்.

அதற்குப் பதிலாக ஒரு கதை சொல்கிறார். எனக்கு மொத்தப் புத்தகத்திலும் அதுதான் பிடித்த இடம். ஜார்ஜ் பிசெட் என்று ஒருவன், சிகாகோவில் டாரோ கொலை வழக்கிலிருந்து மீட்டவன். விசாரணை நடக்கும்போது லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து நிற்கிறான். எதற்கு வந்தாய் என்றால், உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த அந்த ஃபிராங்க்ளினைத் தீர்த்துக்கட்ட வந்தேன் என்கிறான். நன்றிக்கடன்! டாரோ பேசிப் பேசி அவனைத் திருப்பி அனுப்புகிறார். இதை எழுதும்போது கை இளகிவிடுகிறது. தன்னைப் பற்றிச் சொல்ல முடியாததையெல்லாம் பிசெட் மேல் ஏற்றிச் சொல்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

இன்னும் ஒன்று. டெட்ராய்ட்டில் வீடு வாங்கியதற்காகக் கும்பல் சூழ்ந்துகொண்ட கறுப்பின டாக்டர் ஓசியன் ஸ்வீட்டின் குடும்பத்துக்காக 1925, 26இல் டாரோ வாதாடியதைப் படித்து நெகிழ்ந்தவர்கள், 1932இல் ஹொனலுலுவில் ஜோசப் கஹஹவாய் என்ற ஹவாய் இளைஞனைக் கொன்ற வெள்ளையர்களுக்காக அதே டாரோ நின்றதையும் படித்துவிடுங்கள். பத்து வருஷத் தண்டனை, கவர்னர் அலுவலகத்தில் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. நேரம் ஆகிவிட்டது, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

நம் வட்டத்துப் பிரதியில், லாஸ் ஏஞ்சலஸ் அத்தியாயம் முடிகிற ஓரத்தில், நமக்கு முன்னால் படித்த யாரோ பென்சிலால் "அப்புறம்?" என்று எழுதியிருக்கிறார்கள். கீழே இன்னொரு கை, "அவ்வளவுதான்" என்று. நான் மூன்றாவதாக ஒன்று எழுத பென்சிலை எடுத்தேன், எழுதாமல் வைத்துவிட்டேன். புத்தகம் மேசையில் இருக்கிறது, எடுத்துப் போகிறவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.