சங்கு ஊதியது, வானத்தைப் பார்த்தார்கள்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

நம் பத்திரிகைகளுக்கு எல்லாமே சூறாவளிதான். கஜாவும் சூறாவளி, அமெரிக்காவில் வீட்டைப் பிய்த்தெறியும் டொர்னேடோவும் சூறாவளி. இன்றைக்கு மட்டும் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். புயல் கடலில் பிறக்கும். நாள் கணக்கில் முன்னதாகவே பெயர் வைத்து, துறைமுகத்தில் கூண்டு ஏற்றி, பள்ளிக்கு விடுமுறையும் விட்டுவிடுவோம். டொர்னேடோ அப்படியல்ல. இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து சுழன்றபடியே தரைக்கு இறங்கும். அவகாசம் நிமிடக் கணக்கில்தான்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் ஜாப்ளின் என்று ஒரு நகரம். ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். 2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. உயர்நிலைப் பள்ளியின் பட்டமளிப்பு விழா அன்று பள்ளியில் நடக்கவில்லை, ஊரிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது. விழா முடிந்து குடும்பங்கள் கலைந்துகொண்டிருந்த மாலை நேரம். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பள்ளிக் கட்டடம் இடிபாடாகிவிட்டது. விழாவை அங்கேயே வைத்து, சற்றுத் தாமதமாகவும் தொடங்கியிருந்தால்? அந்த ஊர்க்காரர்கள் இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பார்கள்!

இப்போது மணியைக் கவனியுங்கள். 5:11-க்கு அபாயச் சங்கு ஊதுகிறது. அது நகரின் வடகிழக்குப் பக்கத்தையொட்டி வந்த வேறொரு மேகத்துக்கான எச்சரிக்கை. 5:17-க்கு வானிலைத் துறை ஜாப்ளினுக்கென்றே எச்சரிக்கை விடுகிறது. 5:34-க்கு நகரின் மேற்கு ஓரத்தில் டொர்னேடோ தரையைத் தொடுகிறது. இடையில் 17 நிமிடம். அந்நாட்டின் அன்றைய சராசரியைவிட இது அதிகம். அதாவது கருவிகள் தம் வேலையைச் செய்தன. இருந்தும் 161 பேர் இறந்தார்கள். 1947-க்குப் பிறகு அமெரிக்காவில் ஒரே டொர்னேடோவுக்கு இத்தனை உயிர்கள் போனதில்லை.

‘எச்சரித்தும் மக்கள் அலட்சியமாக இருந்துவிட்டார்கள்’ என்று சொல்லிவிடுவது எளிது. நான் அதை ஒப்பமாட்டேன். வானிலைத் துறை ஆட்கள் பின்னால் போய், உயிர் பிழைத்த ஏறத்தாழ நூறு பேரிடம் விசாரித்தார்கள். பெரும்பாலோர் சங்கைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்திருக்கிறார்கள், டிவியைப் போட்டிருக்கிறார்கள். நாமும் அதைத்தானே செய்வோம்? அந்தப் பகுதியில் வசந்த காலம் வந்தால் சங்கு ஊதுவது வாடிக்கை. அந்தக் காலகட்டத்தில் நாடு முழுக்க விடப்பட்ட டொர்னேடோ எச்சரிக்கைகளில் நான்கில் மூன்று பொய்த்துப்போனவை. புலி வருது கதையில் கத்தினவன் விளையாட்டுக்குக் கத்தினான். இங்கே கத்தியவர்கள் நேர்மையானவர்கள், ஆனாலும் கேட்டவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பார்த்தவர்களுக்கு வானமும் உதவவில்லை. படத்தில் காட்டுகிற புனல் வடிவம் அங்கே தெரியவில்லை. அடர்ந்த மழை அதைச் சுற்றித் திரை போட்டிருந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலமான கருப்புச் சுவர் ஒன்று நகர்ந்து வருகிறது, அதை மழை என்றே நினைத்துவிட்டார்கள். 5:38-க்கு இரண்டாவது முறையாகச் சங்கு ஊதியது. அப்போதுதான் பலர் உள்ளே ஓடினார்கள்.

எங்கே ஓடுவது? ஈயமும் துத்தநாகமும் தோண்டி எடுத்து வளர்ந்த ஊர் அது. நிலத்தடியைக் குடைந்தே பிழைத்தவர்களின் நகரம். ஆனால் ஐந்து வீட்டில் நான்குக்கு நிலவறை கிடையாது. குளியலறையும் அலமாரி இடுக்கும்தான் புகலிடம். மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றுக்கு அவை எம்மாத்திரம்! இறந்தவர்களில் பெரும்பாலோர் கட்டடத்துக்குள் இருந்தவர்கள்தான்.

செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்பது மாடி. கட்டடத்தின் எலும்புக்கூடு நின்றது, விழவில்லை. ஆனால் கண்ணாடி அத்தனையும் நொறுங்கியது, கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது, மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் போனது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களுக்கு இயந்திரம் நின்றுவிட்டது. நோயாளிகள் 183 பேரை ஊழியர்கள் இருட்டில் படி வழியாக இறக்கினார்கள். தொண்ணூறு நிமிடத்தில் முடித்தார்கள். தூண் நின்றால் போதும் என்று கணக்குப் போடுகிற பொறியாளர்களுக்கு இது பாடம்: மருத்துவமனை என்பது தூணும் உத்திரமும் மட்டுமல்லவே.

காற்று ஓய்ந்த பிறகும் ஓர் எமன் காத்திருந்தான். காயங்களுக்குள் மண்ணோடு புகுந்த ஒரு பூஞ்சை. 13 பேரைத் தாக்கி ஐவரைக் கொன்றது. 2021-இல் நாம் கருப்புப் பூஞ்சை என்று நடுங்கினோமே, அதே வகை நோய்.

மறு ஆண்டே மிசூரியிலும் பக்கத்து மாநிலமான கன்சாஸிலும் எச்சரிக்கையின் மொழியை மாற்றிப் பார்த்தார்கள். ‘டொர்னேடோ வருகிறது’ என்பதோடு நில்லாமல், வந்தால் என்ன ஆகும், வீடு எப்படி நொறுங்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஜாப்ளினில் பள்ளிகள் அதே 2011-இல் குறித்த தேதியில், ஆகஸ்ட் 17-ஆம் நாள் திறந்தன. உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகள் ஒரு வணிக வளாகத்தின் காலிக் கடையில் நடந்தன. பிறகு பள்ளிகளில் தடித்த சுவரோடு காப்பறைகள் கட்டினார்கள். எச்சரிக்கை வந்தால் அக்கம்பக்கத்தார் எவரும் உள்ளே வரலாம். மற்ற நாட்களில் அங்கே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.