ஐயாயிரம் ரூபாய்க்குள் ஒரு கேமரா மைக்: எதை வாங்குவது, எங்கே வைப்பது

[காட்சி: கிருஷ்ணகிரி அணையின் கரை, காலை. பேசுபவர் கேமராவிலிருந்து எட்டு அடி தள்ளி நிற்கிறார். ஒலி: கேமராவின் உள் மைக்.]

வணக்கம். இப்போது நீங்கள் கேட்பது கேமராவுக்குள்ளேயே இருக்கும் மைக்கின் ஒலி. என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். என்னைவிடக் காற்றுதான் அதிகம் பேசிக்கொண்டிருக்கும்.

[ஒலி மாற்றம்: கேமராவின் மேல் பொருத்திய சிறிய மைக்.]

இப்போது கேமராவின் தலையில், பிளாஷ் மாட்டும் இடத்தில், சிறிய மைக் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். குரல் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. ஆனாலும் தூரத்து ஆள் பேசுவதுபோலவே இருக்கிறது, இல்லையா?

[ஒலி மாற்றம்: அதே மைக், மூங்கில் கழியின் முனையில், பேசுபவரின் தலைக்குச் சற்று மேலே, சட்டகத்துக்கு வெளியே.]

இது அதே மைக்தான். மூன்று மீட்டர் நீட்டிப்புக் கேபிளை இணைத்து, மைக்கை ஒரு மூங்கில் கழியின் நுனியில் கட்டி, என் வாயை நோக்கிச் சாய்த்திருக்கிறேன். பதிவின் அளவை மட்டும் குறைத்துக்கொண்டேன். குறைந்த செலவில் நல்ல ஒலி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி இந்த மூன்று துண்டுகளிலேயே இருக்கிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. அரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வயதான தெருக்கூத்து வாத்தியார் ஒருவரைப் பதிவு செய்யப் போனேன். பாரதக் கூத்தில் பல ஆண்டுகள் துரியோதனன் வேடம் கட்டியவர். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்து, துரியோதனன் விழும் கடைசி நாளான படுகளத்தன்று பாடும் விருத்தங்களை நாற்பது நிமிடம் பாடிக் காட்டினார். படம் மிக அழகாக வந்திருந்தது. வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது, பாதி விருத்தங்களைக் காற்று தின்றிருந்தது. திரும்பப் போய்ப் பதிவு செய்யலாம் என்றிருந்தேன். அடுத்த தை மாதத்துக்குள் அவர் போய்விட்டார். படத்தில் ஒரு குறை இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். புரியாத குரலை யாராலும் மீட்க முடியாது.

[காட்சி: தரையில் சுண்ணாம்புக் கோடுகள், 30, 60, 120, 240 சென்டிமீட்டர்.]

தூரத்தின் கணக்கைப் பார்ப்போம். திறந்த வெளியில், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது. டெசிபல் என்பது ஒலியை அளக்கும் அலகு. 30 சென்டிமீட்டரிலிருந்து 60, அங்கிருந்து 120, அங்கிருந்து 240. மூன்று இரட்டிப்பு, 18 டெசிபல். மைக்கைத் தொடும் குரலின் அழுத்தம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் அணையின் இரைச்சலும் நெடுஞ்சாலையின் உறுமலும் நீங்கள் எங்கே நின்றாலும் அதே அளவில்தான் இருக்கும். குரல் மட்டும் தேய்கிறது. நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கும் மைக்கும் இந்தக் கணக்கை மாற்றாது. அதனால் மைக்குக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை நீட்டிப்புக் கேபிளுக்கு எடுத்து வையுங்கள்.

கழி பிடிக்க ஆள் இல்லை, தனியாகத்தான் படம் பிடிக்கிறீர்கள் என்றால், கேமராவையே அருகில் கொண்டுபோங்கள். ஜூம் செய்தால் முகம்தான் நெருங்கி வரும், குரல் வராது. இரண்டரை அடி, மூன்று அடியில் அகலக் கோணத்தில் எடுத்தால் கேமராவின் மேல் இருக்கும் மைக்கே போதும்.

[காட்சி: ஒகேனக்கல். பரிசல் ஓட்டுபவர் அருவியைப் பின்னணியாக வைத்துப் பேசுகிறார்.]

அடுத்தது திசை. இந்த விலையில் கிடைக்கும் மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. முன்னால் வரும் ஒலியை நன்றாக வாங்கும். பக்கவாட்டில் 6 டெசிபல் அளவுக்குக் குறைத்து வாங்கும். முதுகுப் பக்கம் கிட்டத்தட்டச் செவிடு. பெட்டியில் 'ஷாட்கன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, நீட்டிய இடத்திலிருந்து மட்டும் ஒலியை உறிஞ்சும் என்று நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஒரு சாண் நீளக் குழாய் கூர்மையான, உயர்ந்த ஒலிகளைத்தான் திசை பார்த்துப் பிரிக்கும். லாரியின் உறுமல்போன்ற கனத்த ஒலிகள் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

ஒகேனக்கல்லில் இது நன்றாக விளங்கும். பரிசல் ஓட்டும் அண்ணன் பேசுகிறார், அவருக்குப் பின்னால் காவிரி விழுகிறது. படத்துக்கு அதுதான் அழகு. ஆனால் மைக்கின் முகம் அவரையும் அருவியையும் ஒன்றாகவே பார்க்கிறது. எவ்வளவு விலை கொடுத்த மைக்கும் அங்கே தோற்கும். நான் செய்வது இது: அருவியைப் பின்னணியில் வைத்து அவர் துடுப்பு போடுவதைச் சில நொடிகள் எடுத்துக்கொள்வேன். பேச்சை எடுக்கும்போது, “அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள்” என்று கேட்டு, அருவி என் முதுகுக்குப் பின்னால் வரும்படி இடம் மாறிக்கொள்வேன். இரைச்சல் மைக்கின் செவிட்டுப் பக்கத்தில் விழுகிறது. செலவே இல்லாமல் கிடைக்கும் முன்னேற்றம்.

[காட்சி: மாந்தோப்பு. காற்றில் இலைகள் புரள்கின்றன. கையில் இரண்டு உறைகள்.]

காற்றைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேச வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மைக்குக்கோ தோப்பில் வீசும் மென்காற்றே போதும். இலை சலசலப்பது கேட்டால் அது ஒலி, அதனால் குற்றமில்லை. மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வைக் காற்று நேராக வந்து அடிப்பதுதான் சிக்கல். 'பட பட' என்று கேட்கிறதே, அது வெளியில் எங்குமே இல்லாத ஓசை. மைக்கிலேயே பிறப்பது. ஒருமுறை பதிவாகிவிட்டால், குரலோடு பின்னிக்கொள்ளும். எடிட்டிங்கில் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இந்தக் கறுப்புப் பஞ்சு உறை வீட்டுக்குள் மின்விசிறிக்கும் பேசும்போது வரும் மூச்சுக்கும் சரி. தோப்புக்கும் வயலுக்கும் இந்த ரோம உறை வேண்டும். நீண்ட ரோமங்கள் காற்றின் வேகத்தை உடைத்துவிடும். உள்ளே ஒலி மட்டும் போகும். உறை கூடவே வருகிறதா என்று பார்த்து மைக்கை வாங்குங்கள். தனியாக வாங்கினால் உங்கள் மைக்கின் நீளத்துக்கும் பருமனுக்கும் பொருந்துவதைத் தேட வேண்டியிருக்கும். நம் மாவட்டங்களில் பதிவு செய்யத் தகுந்தவை, தோப்பு, தக்காளி வயல், எருது விடும் திடல், நடுகல் நிற்கும் கரடு என்று எல்லாமே வெட்டவெளியில்தான் இருக்கின்றன. வேப்பமரத்தடியில் அன்று என்னிடம் இல்லாதது இந்த உறைதான்.

[காட்சி: இரண்டு பின்கள் அருகருகே.]

பின்னைப் பாருங்கள். இரண்டும் 3.5 மில்லிமீட்டர். இதில் இரண்டு கறுப்பு வளையம். டிஆர்எஸ், கேமராவுக்கு உரியது. இதில் மூன்று வளையம். டிஆர்ஆர்எஸ், போனுக்கு உரியது. கேமரா பின்னைப் போனில் செருகினால் பெரும்பாலும் போன் மைக்கைக் கண்டுகொள்ளாமல் தன் உள் மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். மைக் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். கெட்டது எதுவுமில்லை, கேபிள்தான் வேறு. நீட்டிப்புக் கேபிள் வாங்கும்போதும் இதே வளையத்தை எண்ணுங்கள். போனில் டைப்-சி துளை மட்டும் இருந்தால், பாட்டுக் கேட்க மட்டுமல்லாமல் மைக்குக்கும் வேலை செய்யும் அடாப்டரா என்று கடையிலேயே செருகிப் பேசிப் பாருங்கள்.

சரி, எதை வாங்குவது? பணம் மிகக் குறைவு என்றால் சீனாவின் போயா நிறுவனத்தின் எம்எம்1. கேமராவுக்கும் போனுக்கும் இரண்டு கேபிள்களும் ரோம உறையும் பெட்டியிலேயே வருகின்றன. பேட்டரி தேவையில்லை, கேமரா தரும் சிறிய மின்சாரத்திலேயே ஓடும். இன்னும் கொஞ்சம் செலவிட முடிந்தால் ஆஸ்திரேலியாவின் ரோட் நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த வீடியோமைக்ரோ. எடை வெறும் 42 கிராம். கேமராவைப் பிடித்திருக்கும் கையின் உரசல் மைக்குக்கு ஏறாதபடி அதன் தாங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஆனால் போனில் மாட்ட அதற்குத் தனிக் கேபிள் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். இரண்டையும் கழியில் கட்டி வயலில் பயன்படுத்தியிருக்கிறேன். இந்த விலையில் ஒரு முழ நீளத்துக்கு, பெரிய கேமராக்காரர்கள் வைத்திருப்பதுபோலத் தெரியும் மைக்குகளை மட்டும் வாங்காதீர்கள். நீளம் கண்ணுக்குத்தான்.

ஒரே ஆள் உட்கார்ந்து பேசுகிறார் என்றால் இந்த வகையே தேவையில்லை என்பது என் எண்ணம். சட்டையில் குத்தும் காலர் மைக் போதும். போயா எம்1-க்கு ஆறு மீட்டர் கேபிள் இருக்கிறது. மைக் எப்போதும் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே இருக்கும். மண்டியில் ஏலம், கூத்து, நடந்துகொண்டே பேசுவது போன்றவற்றுக்குத்தான் கேமரா மேல் மைக் கை கொடுக்கும்.

[காட்சி: கேமராவின் ஒலி அமைப்புத் திரை.]

கடைசியாக அமைப்பு. கேமராவில் ஒலி அளவு 'ஆட்டோ' என்றிருந்தால் அதை மாற்றுங்கள். பேசுபவர் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் கேமரா தானாக அளவை ஏற்றும். 'உஸ்' என்ற இரைச்சல் எழும்பி, பேச்சு தொடங்கியதும் அடங்கும். கூத்தில் இன்னும் மோசம்: முகவீணை என்ற சிறு ஊதுகுழல் வீறிட்டதும் அளவு சடாரென இறங்க, அடுத்து வரும் வசனம் அமுங்கிப்போகும். கைமுறைக்கு மாற்றி, உரத்த சொல்லுக்குத் திரையில் ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும். கனத்த, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் 'லோ கட்' என்ற வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மனிதப் பேச்சு ஏறக்குறைய இல்லை, லாரிகளின் உறுமல் நிறைய இருக்கிறது.

வீட்டுக்குள் எடுப்பதாக இருந்தால் வெற்றுச் சுவர் அறையைத் தவிர்த்து, ராகி மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் உட்கார வையுங்கள். எதிரொலியை மூட்டைகள் விழுங்கிவிடும்.

பிறகு அரை நிமிடம் பதிவு செய்து, அந்த இடத்திலேயே ஹெட்போனில் கேளுங்கள். வீட்டுக்கு வந்து கேட்பது தாமதம்.

[காட்சி: அதே வேப்பமரம், அதே கயிற்றுக் கட்டில். வாத்தியாரின் மாணவர் உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேல் மூங்கில் கழி.]

இவர் அந்த வாத்தியாரிடம் கூத்துப் பழகியவர். அன்று காற்றில் போன விருத்தங்களில் ஆறு இவருக்கு மனப்பாடம். போன மாதம் பாடித் தந்தார். முதல் விருத்தத்தை முழுதாகப் போடுகிறேன்.

[ஒலி: விருத்தம். இரண்டு நிமிடம். பின்னணி இசை சேர்க்க வேண்டாம்.]