செங்கலா, பூத்தா? வியூக வகுப்பாளர்கள் சண்டையைப் போய்ப் பார்த்தேன்

வணக்கம் மக்களே. படம் லேசாகச் சாய்ந்து தெரிகிறதா? காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதற்குள் கமென்டில் ஆரம்பிக்காதீர்கள்.

நேற்று சாயங்காலம் மயிலாப்பூர் பக்கம் ஓர் அரங்கில் இரண்டு தேர்தல் வியூக வகுப்பாளர்கள் நேருக்கு நேர் மோதினார்கள். மார்கழி மாதம், ஊரே சபா கேன்டீன் வாசலில் நிற்கிறது. நான் இதற்கு 300 ரூபாய் டிக்கெட். "டிவியில் தினமும் ஓசியிலேயே கத்துகிறார்களே" என்றார் அம்மா. டிவியில் கத்துபவர்கள் கட்சிக்காரர்கள் அம்மா, இவர்கள் அவர்களுக்கு எழுதிக் கொடுப்பவர்கள் என்றேன். அம்மா டிவியைப் பார்க்கப் போய்விட்டார்.

உள்ளே பதிவு கூடாது, பேச்சாளர் பெயரைப் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் ஒருவர் நமக்குக் கதர்ச்சட்டை. இன்னொருவர் ஷூ. அப்படிப் பளபளத்தது, முகத்தைவிட ஷூதான் ஞாபகம் இருக்கிறது. நம்ம கேமரா முக்காலியை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். நம்பர் 41.

அப்புறம் காபி. 80 ரூபாய். என் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நுரை விஷயத்தில் நான் எப்படி என்று. பேப்பர் கப்பில் முக்கால் பங்கு நுரை. ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தால் மூன்று மடக்கு, எண்ணிக்கொண்டே குடித்தேன். மடக்குக்கு 26 ரூபாய் சொச்சம். நாலாவது மடக்கு இருக்குமோ என்று கப்பைக் கவிழ்த்துப் பார்த்ததில் துப்பட்டாவில் ஒரு சொட்டு விழுந்ததுதான் மிச்சம். சரி, விடுங்கள். இல்லை, விட முடியவில்லை. சர்க்கரையும் அதிகம்.

விவாதம் செம சூடு. ஜனங்கள் மனதில் ஒரு படம் பதிந்தால் போதும், மற்றதெல்லாம் செலவு என்பது ஷூ கட்சி. உதாரணமாக 2021 செங்கலை எடுத்தார். மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார், 2021 தேர்தல் வரை கட்டடம் எழும்பவில்லை. உதயநிதி கையில் ஒரே ஒரு செங்கலைத் தூக்கிக்கொண்டு, இதோ எய்ம்ஸ் என்று ஊர் ஊராகக் காட்டினார். "ஒரு செங்கல் என்ன விலை? நாலு பக்க விளம்பரம் என்ன விலை?" என்று ஷூ கேட்டதும் கைதட்டல். நானும் தட்டினேன், ஒத்துக்கொள்கிறேன்.

கதர்ச்சட்டை தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாக ஆரம்பித்தார். "செங்கல் வந்து ஓட்டுப் போடாதுங்க." பிறகு இரண்டே எண்கள் சொன்னார். 49, 137. 2016 ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு, அதுவும் வருடக்கணக்கில் கோர்ட் ஏறியது. 2021 தி.நகரில் 137. ஒரு பூத்தில் சுமார் ஆயிரம் ஓட்டு. பட்டியலில் யார் செத்தார், யார் பெங்களூரு போனார், யாரை மதியம் மூன்று மணிக்கு ஆட்டோ அனுப்பிக் கூட்டிவர வேண்டும் என்பதெல்லாம் பூத் ஏஜென்டுக்குத் தெரியும். சென்னை ஹோட்டல் அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பையனுக்குத் தெரியுமா என்றார். நான் தி.நகரில் நாலு வருடம் வேலை பார்த்தவள். 137 பேர் என்பது ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடை வாசல் கூட்டம். அந்த இடத்தில் நான் கட்சி மாறிவிட்டேன்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். ஆரம்பத்திலேயே நடத்துநர் அரங்கத்தைப் பார்த்து, போன தேர்தலில் கடைசி வாரம் மனம் மாறி வேறு கட்சிக்குப் போட்டவர்கள் கை தூக்குங்கள் என்றார். எண்ணி நாலு கை. அதில் ஒருவர் தலையைச் சொறியத் தூக்கினாரோ என்று எனக்குச் சந்தேகம். இந்த நாலு கைக்காகத்தான் மேடையில் இருவரும் ஒன்றரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள்.

கேள்வி நேரத்தில் மைக் என் கைக்கு வந்துவிட்டது! கை நடுங்கியது, குரல் எலி மாதிரி வந்தது, ஆனாலும் கேட்டுவிட்டேன். "வியூக வகுப்பாளர் பிரசாந்த் கிஷோர் 2014இல் மோடிக்கு, 2015இல் நிதிஷுக்கு, 2021இல் மம்தாவுக்கும் திமுகவுக்கும் வேலை பார்த்தார், எல்லாம் வெற்றி. சொந்தமாக ஜன் சுராஜ் கட்சி ஆரம்பித்து 2025 பீகார் தேர்தலில் இறக்கினார். 243 தொகுதியில் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் முன்னால் ஜெயித்ததெல்லாம் வியூகமா, ஜெயிக்கிற குதிரையா?"

அரங்கமே சிரித்தது. ஷூ சிரிக்கவில்லை. கல்யாணச் சமையல்காரரே மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தால் பந்தியை யார் பார்ப்பது என்றார். அன்றைக்கு அவர் சொன்னதிலேயே நல்ல வரி, ஆனால் என் கேள்விக்குப் பதில் இல்லை. கதர்ச்சட்டை உடனே, "பந்தியில் பரிமாற ஆளே இல்லையேங்க" என்று மறுபடி பூத்துக்கே போய்விட்டார். பக்கத்து சீட் தாத்தா என் தோளைத் தட்டி "நல்லா கேட்டம்மா" என்றார். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

வெளியே வந்தால் டோக்கனைக் காணோம். பையைக் கொட்டி, படியில் உட்கார்ந்து தேடி, கடைசியில் போன் கவருக்குள் கிடைத்தது. முக்காலியும் வந்தது, ஒரு காலின் அடி ரப்பர் மட்டும் இல்லாமல். அதனால்தான் படம் இடது பக்கம் சாய்கிறது. விவாதத்துக்குப் போய் இடதுசாரி ஆகிவிட்டாள் என்று எழுதாதீர்கள், ரப்பர்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் தனியாகக் கிடைக்குமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.