மிஸ் ஆகும் வண்டியில் முதலில் கோளாறை வரவழையுங்கள்

வணக்கம் உறவுகளே. பர்மாவின் மோல்மேனில் காலையிலிருந்து விடாத மழை. தகரக் கூரையின் சத்தம் பேச்சோடு சேர்ந்து கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிற ஊர் இது. இன்றைய கோளாறுக்கும் அந்த மழைக்கும் தொடர்பு இருக்கிறது.

எனக்குப் பின்னால் நிற்பது சித்தப்பாவின் வண்டி. 125 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர், சி.டி.ஐ. இக்னிஷன், அதாவது பிளக்கில் நெருப்பை வரவைக்கும் சின்ன மின்னணுப் பெட்டி. நம் ஊரில் தெருவுக்குப் பத்து இப்படித்தான் ஓடுகின்றன. இரங்கூன் நகருக்குள் 2003ஆம் ஆண்டிலிருந்து மோட்டார்சைக்கிளுக்குத் தடை. இங்கே அது இல்லாமல் பிழைப்பே கிடையாது. முடோன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட் கட்டி வருகிறவர் சித்தப்பா. வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும்.

கோளாறு இதுதான்: நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று இரண்டு மூன்று முறை வெட்டும், சைலன்சரில் 'டப்' என்று ஒரு வெடி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இப்படி எஞ்சின் வெட்டுவதைத்தான் மிஸ் என்கிறோம். பட்டறைக்குக் கொண்டுபோனால் மிஸ் வராது. இரண்டு பட்டறைகளில் காட்டியிருக்கிறார். ஒன்றில் புதுப் பிளக் போட்டு, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். இன்னொன்றில் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலை மாற்றினார்கள். மாற்றியதும் கொஞ்ச நாள் சரியாக ஓடியது, பிறகு பழையபடி மிஸ். பணம் போனதுதான் மிச்சம். இது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. சோதித்துப் பார்க்காமல் ஊகத்தில் மாற்றப்படும் ஒவ்வொரு பாகத்துக்கும் காசு கொடுப்பவர் உழைத்துச் சம்பாதித்தவர்.

ஆகவே இன்று நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. விட்டுவிட்டு வரும் மிஸ்ஸை, வண்டி நன்றாக ஓடும்போது கண்டுபிடிக்க முடியாது. முதலில் அதை நாம் நினைத்தபோது வரவழைக்கத் தெரிய வேண்டும். அதுவரை ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

வரவழைப்பது எப்படி? ஓட்டுகிறவரிடம் கேட்க வேண்டும். வண்டி சூடான பிறகா, குளிரிலேயேவா? மழையிலா, காய்ந்த நாளிலும் வருமா? எந்த இடத்தில்? ஹேண்டில் எந்தப் பக்கம் இருந்தது? சித்தப்பாவிடம் கேட்டேன். "சுமை ஏற்றினால் வரும்" என்றார். எங்கே என்று மறுபடி கேட்டேன். கியாய்க்தன்லான் பயா, அதாவது புத்தர் கோயில், இருக்கும் குன்றுச் சாலையில், மார்க்கெட் சந்துகளில் என்றார். முடோனிலிருந்து வரும் நேர் சாலையில்? யோசித்துவிட்டு, அங்கே வந்ததே இல்லை என்றார். அந்தச் சாலையில்தான் முழுச் சுமையோடு வருகிறார்! சுமைதான் காரணம் என்றால் அங்கேதான் முதலில் வந்திருக்க வேண்டும். குன்றுச் சாலைக்கும் மார்க்கெட் சந்துக்கும் பொதுவானது சுமை இல்லை. மெதுவாகப் போவதும் ஹேண்டிலை நன்றாக ஒடித்துத் திருப்புவதும்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மிஸ் ஆகும் விதம். பெட்ரோல் போதாமல் வரும் மிஸ் மெல்ல வரும். வண்டி சோர்ந்து, இழுவை குறைந்து, ஆக்சிலேட்டரைத் தளர்த்தினால் தேறும். பிளக்கில் நெருப்பு அறுவதால் வரும் மிஸ் அப்படி இல்லை. விளக்கை அணைத்து ஏற்றுவதுபோல் சட்டென்று போகும், சட்டென்று வரும். அந்த நேரத்தில் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ச் சேர்கிறது. நெருப்பு திரும்பியதும் அங்கே வெடிக்கிறது. சித்தப்பா சொன்ன 'டப்' அதுதான். அந்த ஒரு சத்தமே நம்மைக் கார்புரேட்டரிலிருந்து இக்னிஷன் பக்கம் திருப்பிவிடுகிறது.

ஆனாலும் பெட்ரோலைப் பார்க்காமல் விடவில்லை, அது ஐந்து நிமிட வேலை. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் வடிகால் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். சாலையோரத்தில் பாட்டிலில் வாங்கும் பெட்ரோலில் மழைக்காலத்தில் இது நடக்கும். நமக்கு வந்தது சுத்தமான பெட்ரோல். டேங்க் மூடியின் காற்றுத் துளையும் திறந்தே இருந்தது. அது அடைத்திருந்தால் நெடுநேரம் ஓடிய பிறகு வண்டி மெல்ல மூச்சடைக்கும். மூடியைத் திறந்தால் காற்று உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

இப்போது இக்னிஷன். பிளக் கேப்பை மல்டிமீட்டரில் அளந்தேன். ரெசிஸ்டர் உள்ள கேப் பெரும்பாலும் 5,000 ஓம் அளவில் காட்டும். அளக்கும்போது கேப்பை முறுக்கிப் பாருங்கள். எண் குதித்தால் தூக்கிப் போடுங்கள். இது அசையவில்லை. இருட்டிய பிறகு எஞ்சினை ஐடிலிங்கில் விட்டுப் பிளக் ஒயர்மேலும் காயில்மேலும் தண்ணீரைப் புகைபோல் தெளித்தேன். விரிசல் இருந்தால் நீலப் பொறி வெளியே தாவும். கை வைக்காதீர்கள், பல்லாயிரம் வோல்ட். பொறி எதுவும் தெரியவில்லை.

அப்படியானால் நெருப்பைப் பிறப்பிக்கும் பாகங்கள் நன்றாக இருக்கின்றன. யாரோ அதை அணைக்கிறார்கள். சித்தப்பா சொன்ன திருப்பம் நினைவிருக்கிறதா? எஞ்சின் ஐடிலிங்கில் ஓட, ஹேண்டிலை வலது கடைசிவரை திருப்பினேன். ஒன்றும் இல்லை. இடது கடைசிக்குக் கொண்டுபோனேன். எஞ்சின் வெட்டியது! நேராக்கினேன், ஓடியது. மறுபடி இடது, மறுபடி வெட்டியது. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கைக்கு வந்த கோளாறு பாதி தீர்ந்த கோளாறு.

மீதிப் பாதியைக் கவனமாகக் கேளுங்கள். இந்த வண்டியின் சி.டி.ஐ., எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டோவிலிருந்தே மின்சாரம் எடுக்கும் வகை. பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். இந்த வகையில் சாவியை அணைக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்படுவதில்லை. சி.டி.ஐ.யிலிருந்து சாவி சுவிட்சுக்குப் போகும் ஒரு ஒயர் வண்டியின் இரும்புப் பாடியோடு சேர்க்கப்படுகிறது, நெருப்பு அணைகிறது. பல வண்டிகளில் அது வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு ஒயர். அதே ஒயர் வழியில் எங்காவது உரசி இரும்பைத் தொட்டால்? சாவியை அணைத்த அதே வேலைதான் நடக்கும்.

சோதிக்க, அந்த ஒரு ஒயரை சி.டி.ஐ. சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு எஞ்சினைக் கிளப்பினேன். ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் அசையாமல் ஓடியது. ஓர் எச்சரிக்கை: ஒயர் கழன்றிருக்கும்போது சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது. கியரில் போட்டு பிரேக்கை அழுத்தி நிறுத்துங்கள். இதற்குத் தயாராக இல்லாமல் கழற்ற வேண்டாம்.

பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சி.டி.ஐ. என்றால் தேடல் தலைகீழ். அங்கே தொடும் ஒயரைவிட அறுந்துவிட்டுச் சேரும் ஒயரையும் தளர்ந்த சாக்கெட்டையும் சாவி சுவிட்சையும் தேட வேண்டும்.

ஹெட்லைட் மூடியைக் கழற்றினேன். இதோ, கேமராவை அருகே கொண்டுவருகிறேன். ஒயரிங் கட்டு கழுத்துப் பகுதியைச் சுற்றி வரும் இடத்தில் ஒயரின் தோல் தேய்ந்து செம்பு வெளியே தெரிகிறது. பச்சை பூத்திருக்கிறது, பாருங்கள். இடது பக்கம் திருப்பும்போது கட்டு இறுகி அந்த இடம் இரும்பில் அழுந்துகிறது. மழைத் தண்ணீர் இறங்கினால் இன்னும் எளிதாக இணைப்பு விழும். காயில் மாற்றியபோது கொஞ்ச நாள் சரியானதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். வேலை பார்த்தபோது கட்டு சற்று நகர்ந்திருக்கும். விட்டுவிட்டு வரும் கோளாறுகளில் தொட்டாலே குணமாவதுபோல் தெரியும். அதை நம்பிப் பில் போடக் கூடாது.

பச்சை பூத்த செம்பைப் பளபளப்பான இடம் வரும்வரை வெட்டி எறிந்தேன். புதுத் துண்டு சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டேன். வெறும் இன்சுலேஷன் டேப் நம் மழைக்கு நிற்காது. பசை இளகி அவிழ்ந்துவிடும். உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை உறையாகச் சுற்றினேன். கட்டைக் கழுத்தருகே இறுக்கிக் கட்டாமல், இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, தளர்வு விட்டுக் கட்டினேன்.

பிறகு தண்ணீர் தெளித்து இடது வலது திருப்பினேன். சித்தப்பா ரப்பர் சுமையோடு இதே மழையில் குன்றுச் சாலையில் ஏறி வந்தார். எந்த இடத்தில் வெட்டியதோ அதே வளைவில் சோதித்தால்தான் சோதனை. வெட்டவில்லை.

உங்கள் வண்டியில் திருப்பத்தில் வராமல், சூடான பிறகு மட்டும் மிஸ் வந்தால் வழி வேறு. நெருப்பு எப்போது வர வேண்டும் என்று சி.டி.ஐ.க்குச் சொல்லும் பல்சர் காயிலைச் சூட்டோடு அளக்க வேண்டும். ஆறிய பிறகு அளந்தால் நல்ல எண்ணையே காட்டும். டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடம், மிகக் குறைந்திருந்தாலும் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் திணறும். அதை மட்டும் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு பாருங்கள்.

கீழே கருத்தில் உங்கள் வண்டியின் கோளாறை எழுதுகிறவர்கள் வண்டியின் பெயரோடு நிறுத்தாமல், எந்தச் சாலையில், எந்த வேகத்தில், ஹேண்டில் எப்படி இருந்தபோது, மழையா வெயிலா என்பதையும் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் சூட்டில் வரும் மிஸ்ஸை ஒரு வண்டியில் நேரடியாக அளந்து காட்டுகிறேன். வணக்கம்.