கட்டிய கல்லே தெப்பம்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொங்கலை ஒட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘அடக்கி ஆளும் அரசை எதிர்க்கட்சிகள் வெல்வது தெருவிலா, வாக்குச்சாவடியிலா?’ வாக்குச்சாவடி அணியில் கடைசியாக நான் பேசியது இது.

நடுவர் ஐயா அவர்களே, எங்க அணித் தோழர்களே, ஓட்டுப்பெட்டியை நம்புற எங்களைப் பாத்து ஒரு மணி நேரமாப் பரிதாபப்பட்டுக்கிட்டு இருக்கிற எதிரணி வக்கீல் தம்பி அவர்களே, தை பிறந்தும் பனி விடலையேன்னு தலையில துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற கடலூர் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தம்பி நல்லாவே பேசினாரு. நானே ரெண்டு இடத்துல கை தட்டினேன். அவர் சொன்னதைச் சுருக்கினா இவ்வளவுதான்: "போலீசு ஆள்றவன் கையில, பேப்பரும் டிவியும் அவன் கையில, தேர்தலை நடத்துறதும் அவன் வெச்ச ஆள். அங்க போய் ஓட்டுக் கேக்கறது, சகுனி உருட்டுற தாயத்துல தருமன் ஜெயிப்பான்னு காத்திருக்கிற மாதிரி. தேர்தலைப் புறக்கணி, தெருவுல இறங்கு."

சகுனி கதை எனக்கும் தெரியும் ஐயா. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குச் சொன்ன கதை. தருமன் தோத்ததுக்கு அந்தத் தாயம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அவ்வளவு பெரிய ராஜா, "எங்க, குடு பாப்போம்"னு அதை ஒரு தடவை கையில வாங்கித் திருப்பிப் பாக்கல. பக்கத்துல பீமனை உக்கார வெச்சு எண்ணச் சொல்லல. தம்பி என்ன யோசனை சொல்றாரு? அடுத்த தடவை தருமன் உள்ளேயே போக வேணாம், வாசல்ல உக்காந்து கோஷம் போடட்டும்ங்கறாரு. சரி, உள்ள யாரு ஆடுறது? துரியோதனனே ரெண்டு பக்கமும் மாறி மாறி உக்காந்து ஆடிட்டு, ஜெயிச்சேன்னு எழுந்து போயிடுவான்!

வெனிசுவேலாவுல அதுதான் நடந்துச்சு. 2005 டிசம்பர்ல நாடாளுமன்றத் தேர்தல். எதிர்க்கட்சிகள் எல்லாம் சேந்து, இது நியாயமான தேர்தல் இல்லைன்னு விலகிட்டாங்க. மொத்தம் 167 இடம். அத்தனையும் அதிபர் சாவேஸ் பக்கம் போச்சு. எதிர்த்து ஒரு கை தூக்க ஆள் இல்லை. 2007ல அதே மன்றம், 18 மாசத்துக்கு நீங்களே ஆணை போட்டுச் சட்டம் பண்ணிக்கலாம்னு அவருக்கு அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துச்சு. புறக்கணிச்சவங்க எங்க இருந்தாங்க? தெருவுலதான்.

இன்னொண்ணு சொல்றேன், கசப்பா இருக்கும். அதே 2005, நவம்பர் மாசம், இலங்கை ஜனாதிபதித் தேர்தல். வடக்குல புலிகள் பக்கமிருந்து வந்த புறக்கணிப்பு. யாழ்ப்பாணம் மாவட்டத்துல 7 லட்சம் வாக்காளருக்கு மேல. நூத்துக்கு ரெண்டு பேர்கூட ஓட்டுப் போடல. நாடு முழுக்க மகிந்த ராஜபக்ச ஜெயிச்ச வித்தியாசம் சுமார் 1,80,000 ஓட்டு. எதிர்த்து நின்ன ரணில் வந்திருந்தா எல்லாம் தேனும் பாலுமா ஓடியிருக்கும்னு நான் சொல்ல வரல, அந்த அளவுக்கு நான் அப்பாவி இல்லை. போடாத ஓட்டும் ஒருத்தருக்குப் போட்ட ஓட்டுதான். அதை மட்டும் சொல்றேன்.

இப்ப தம்பி எடுத்த அப்பர் கதைக்கு வர்றேன். ஊர்க்காரங்க முன்னாடி ஊர்க்கதையைச் சொல்லி மடக்கப் பாத்தாரு. "பல்லவ ராஜா கல்லைக் கட்டிக் கடல்ல போட்டான், திருநாவுக்கரசர் பணியல, நம்ம திருப்பாதிரிப்புலியூர்ல கரையேறினார், அதுதான் போராட்டம்"னாரு. நம்ம கரையேறவிட்ட குப்பத்துக்கு அதனாலதானே அந்தப் பேரு. ஆனா தம்பி, கதையைப் பாதியில விட்டுட்டீங்களே! அவர் எதுல மிதந்து வந்தாரு? யாராவது படகு அனுப்பினாங்களா? அவரை முழுக வைக்க ராஜா கட்டின அதே கல்லு. அதுதான் தெப்பமா மிதந்துச்சு. அவிழ்த்துப் போட்டுட்டு வரல, அதுமேலேயே ஏறி வந்தாரு.

அந்த மாதிரி கல்லைத் தெப்பமாக்கின ஒரு ஊரைச் சொல்லவா? மலேசியா. இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு அங்க மாமன் மச்சான் இருக்காங்க, கை தூக்குங்க பாப்போம்... பாத்தீங்களா ஐயா. 1957ல சுதந்திரம் வாங்கின நாள்லேர்ந்து அங்க ஒரே கூட்டணி ஆட்சி, நடுவுல பேரு மட்டும் மாறுச்சு. 2018ல தேர்தல் வருது. ஏப்ரல் மாசம், தேர்தலுக்கு ஒரு மாசம்தான் இருக்கு, எதிர்க்கட்சிக் கூட்டணிக்கு வந்துட்ட முன்னாள் பிரதமர் மகாதீரோட கட்சியைத் தற்காலிகமாக் கலைக்கறோம்னு பதிவு அலுவலகத்துலேர்ந்து உத்தரவு. கட்சி இல்லை, அதனால சின்னமும் இல்லை. நம்ம ஊரா இருந்தா என்ன பண்ணுவோம்? நாலு பஸ் கண்ணாடி போயிருக்கும்!

அவங்க என்ன பண்ணாங்க? தீபகற்ப மலேசியாவுல கூட்டணியில இருந்த எல்லாக் கட்சியும் அவங்கவங்க சின்னத்தை உள்ள வெச்சுட்டு, கூட்டாளி அன்வார் கட்சிச் சின்னத்துலேயே நின்னாங்க. ஜனநாயகச் செயல் கட்சிக்கு அந்த ராக்கெட் சின்னம் நமக்கு உதயசூரியன், இரட்டை இலை மாதிரி. அதையும் அங்க விட்டாங்க. அதனால என்ன ஆச்சு? வாக்காளருக்கு நாலு சின்னத்தைத் தேடுற வேலை போச்சு. அங்க ஊருக்கு ஊர் ஒரே சின்னம். ஒரு கோடி செலவு பண்ணாலும் வராத ஒற்றுமையை, ஆளுங்கட்சி ஒரு உத்தரவுல செஞ்சு கொடுத்துடுச்சு.

அப்புறம் விளம்பரப் பலகை. மகாதீர் படம் போடக் கூடாதுன்னு அதிகாரிங்க வந்து முகத்தை மட்டும் கத்தரிச்சு எடுத்துட்டுப் போனாங்க. ரோட்டுல போறவன் எல்லாம், "அந்த ஓட்டையில யாரு?"ன்னு பாத்துட்டுப் போனான். முகம் இருந்திருந்தாகூட அவ்வளவு பேர் பாத்திருக்க மாட்டாங்க. தேர்தல் நாளை மே 9, புதன்கிழமைன்னு வெச்சாங்க. வேலை நாள், வெளியூர்ல இருக்கிறவன் எப்படி வருவான்னு கணக்கு. எதிர்ப்பு கிளம்பினதும் லீவு விட்டாங்க. அதுக்குள்ள சனங்க முன்பின் தெரியாதவனுக்கு டிக்கெட்டுக்குப் பணம் அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க. வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்குத் தபால் ஓட்டு ரொம்பத் தாமதமா வந்து சேந்துச்சு. கோலாலம்பூர் விமானத்துல ஏறப் போறவங்களைத் தேடிப் பிடிச்சு, "அண்ணே, இதைக் கொண்டு போய்ச் சேத்துடுங்க"ன்னு உறையைக் கொடுத்து அனுப்பினாங்க. நூத்துக்கு 82 பேர் ஓட்டுப் போட்டாங்க. 61 வருஷத்து ஆட்சி போச்சு.

இதுல இன்னும் ஒரு சேதி இருக்கு. இந்த அன்வாரை 1998ல பதவியை விட்டுத் தூக்கி, சிறைக்குப் போக வெச்சது யாரு? இதே மகாதீர். 20 வருஷப் பகை. 2018 தேர்தல் நடக்கும்போதும் அன்வார் இன்னொரு வழக்குல உள்ளதான் இருந்தாரு. ரெண்டு பேரும் கை கோத்தாங்க. நம்ம ஊர்ல கோயில் திருவிழாவுல பரிவட்டம் யாருக்குன்னு போட்ட சண்டையில மூணு தலைமுறை பேசாம இருக்கோம்!

ஒற்றுமை மட்டும் போதும்னும் சொல்ல மாட்டேன். ஹங்கேரியில 2022ல ஆறு கட்சி ஒண்ணா நின்னும் அப்ப பிரதமரா இருந்த ஓர்பான் இன்னும் பெருசாத்தான் ஜெயிச்சாரு. இதைத் தம்பி சொல்லுவாருன்னு எதிர்பாத்தேன், விட்டுட்டாரு. அதனால நானே சொல்லிட்டேன், நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல.

சரி, நம்ம நாட்டுக்கே வருவோம். நெருக்கடி நிலை காலம், 1976 ஜனவரி 31ல இங்க தி.மு.க. ஆட்சியைக் கலைச்சாங்க. மிசாவுல யார் யாரைப் பிடிச்சாங்கன்னு பேப்பர்ல போட முடியாது, தணிக்கை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். முரசொலியில ஒரு பட்டியல் வந்துச்சு: அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க இந்த வருஷம் வர முடியாதவங்க. மாவட்டம் மாவட்டமா, பேர் பேரா. தணிக்கை அதிகாரி என்னன்னு அடிப்பாரு? நினைவு நாளுக்கு யார் வரலைங்கறது குத்தமா? படிச்சவங்களுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு, எவன் எவன் உள்ள இருக்கான்னு. ஐயா, இதுவும் கல்லு தெப்பமான கதைதான்.

ஜார்ஜ் பெர்னாண்டஸ் கதையைச் சொல்லாம விட்டா என் மனசு ஆறாது. நெருக்கடி நிலையில தலைமறைவா இருந்து எதிர்த்த மனுஷன். பரோடா டைனமைட் வழக்குல சேத்து 1976 ஜூன்ல பிடிச்சாங்க. கையில விலங்கோட நிக்கிற அவர் படத்தை நீங்க பாத்திருப்பீங்க. தம்பி சொல்ற பாதையில அவர் போன தூரம் வேற யாரும் போகல. டெல்லி நாற்காலி ஆடுச்சா? ஆடல. 1977 ஜனவரி 18, தேர்தல்னு அறிவிப்பு. ரெண்டு மாசம்தான் அவகாசம், தலைவருங்க அப்பத்தான் ஒவ்வொருத்தரா வெளிய வர்றாங்க. பெர்னாண்டஸை விடல. சிறையில இருந்துக்கிட்டே முசாபர்பூர்ல நின்னாரு. 3 லட்சத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாரு. ரேபரேலியில பிரதமரே தோத்தாரு. (அந்தத் தேர்தல்ல நம்ம தமிழ்நாடு எந்தக் கூட்டணிக்கு அள்ளிக் கொடுத்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. நடுவர் சிரிக்கிறாரு, அவருக்கு ஞாபகம் இருக்கு.)

1936 ஜூலை 30, புதுச்சேரி சவானா ஆலை, துப்பாக்கிச் சூட்டுல 12 தொழிலாளி செத்தாங்க, அந்தப் போராட்டத்தாலதான் எட்டு மணி நேர வேலை வந்துச்சுன்னு தம்பி சொன்னாரு. தலை வணங்கி ஒத்துக்கறேன். 1918ல பாரதியை இதே கடலூர்ல பிடிச்சு அடைச்சாங்கன்னாரு. அதுவும் சரி. வெள்ளைக்காரனை மாத்த ஓட்டே இல்லாத காலத்துல தெருதான் ஓட்டு. ஆனா பிரெஞ்சுக்காரன் போற கணக்கு கடைசியில எங்க தீந்துச்சு? 1954 அக்டோபர் 18, கீழூர்ல. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிங்க 178 பேர் ஓட்டு. இந்தியாவோட சேர 170, வேண்டாம்னு 8. எண்ணித்தான் முடிச்சாங்க.

எண்ணறதுன்னதும் என் சொந்த அனுபவம் ஒண்ணு. டீச்சர் வேலையில எங்களுக்குத் தப்பாத தண்டனை பி.ஓ. டியூட்டி, அதாவது வாக்குச்சாவடித் தலைமை அதிகாரி வேலை. ஒரு தேர்தல், ஒரு கிராமம், பேர் வேணாம். காலையில மாதிரி ஓட்டுப்பதிவு, குறைஞ்சது 50 ஓட்டுப் போட்டுக் காட்டணும், ஏஜெண்டுங்க சரி பாக்கணும். வந்தவங்க நாலு பேர். ஒருத்தர் டீக்குப் போனாரு, ஒருத்தர் போன்ல இருந்தாரு. "டீச்சர், நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும், எங்க கையெழுத்து?"ன்னாங்க. என்மேல அவ்வளவு நம்பிக்கை! எனக்குப் பெருமையா இல்லை, பயமா இருந்துச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு மிஷினுக்குச் சீல் வைக்கறேன், பெரிய கட்சி ஆளுங்க பிரியாணிக்குப் போயிட்டாங்க. ஒரே ஒரு பையன், சின்னக் கட்சி, டெபாசிட்டே வராதுன்னு அவனுக்கே தெரியும், பெஞ்சு ஓரத்துல உக்காந்திருக்கான். "மேடம், 17சி குடுங்க"ன்னான். அந்தச் சாவடியில மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்துச்சுன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடைசி வரைக்கும் இருக்கிற ஏஜெண்டுக்குக் கொடுக்க வேண்டிய படிவம் அது. சீல் நம்பரை அவன் தன் நோட்டுல எழுதி வெச்சிருந்தான், நான் எழுதினதோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டான். அப்புறம் தாளை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுட்டு சைக்கிளை எடுத்தான். மீட்டிங்ல மைக் கட்டறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான் ஐயா. அந்தப் பெஞ்சுல உக்கார ஆள் இல்லை.

துருக்கியில, இஸ்தான்புல்ல 2019 மார்ச்சுல எதிர்க்கட்சி மேயர் வேட்பாளர் இமாமோக்லு ஜெயிச்ச வித்தியாசம் சுமார் 13,000தான். அதுல ஒண்ணு குறையக் கூடாதுன்னு கட்சித் தொண்டருங்க ஓட்டு மூட்டை மேலேயே படுத்துத் தூங்கினாங்க. அப்படியும் தேர்தலை ரத்து பண்ணாங்க. தம்பியா இருந்தா புறக்கணிச்சிருப்பாரு. அவங்க ஜூன்ல திரும்ப நின்னாங்க. இந்தத் தடவை வித்தியாசம் 8 லட்சம்.

கடைசியா, தம்பி என்னைப் பாத்துக் கேட்ட கேள்வி. "வெனிசுவேலாவுல 2024 ஜூலை 28, நீங்க சொல்ற மாதிரியே எல்லாம் செஞ்சாங்களே, அதிபர் மதுரோ அப்ப எழுந்து போனாரா?" போகல. அது உண்மை. எதிர்க்கட்சி ஆளுங்க சாவடிச் சாவடியா முடிவுத் தாளை வாங்கி, பத்துல எட்டுப் பங்குக்கு மேல சேத்து, யாரு வேணும்னாலும் பாக்கற மாதிரி இணையத்துல போட்டாங்க. அதுல எதிர்க்கட்சி வேட்பாளர் கொன்சாலஸ்தான் ஜெயிச்சிருந்தாரு. ஆனாலும் செப்டம்பர்ல அவர் ஸ்பெயினுக்குப் போக வேண்டியதாச்சு. இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை, இருக்குன்னு நடிக்கவும் மாட்டேன். ஆனா அதே நாட்டுல 2017ல மாசக்கணக்கா தெருவுல நின்னாங்க, நூறு பேருக்கு மேல செத்தாங்க. அப்பவும் மதுரோ போகல. அப்ப அவரு, "இவங்க கலகக்காரங்க"ன்னு சொல்ல முடிஞ்சது. 2024ல அந்தத் தாளைப் பாத்துட்டு, "எங்க, உன் தாளைக் காட்டு"ன்னு உலகமே கேட்டுச்சு. அவரால காட்ட முடியல.

செர்பியாவுல அதிபர் மிலோசெவிச்சைத் தெருதான் இறக்குச்சுன்னாரு தம்பி. தேதியைப் பாருங்க. 2000 செப்டம்பர் 24 ஓட்டு. 18 கட்சி சேந்து ஒரே வேட்பாளர், ஒவ்வொரு சாவடிக் கணக்கும் அவங்க கையில. அதுக்கப்புறம்தான் அக்டோபர் 5, தலைநகர் பெல்கிரேடு தெருவுல சனம் திரண்டது எல்லாம். எண்ணிட்டுத் தெருவுக்கு வந்தாங்க. எண்ணாம வந்திருந்தா, எதைக் காப்பாத்த வந்தோம்னு சொல்லத் தெரிஞ்சிருக்காது.

மணி அடிச்சாச்சு, ரெண்டாவது மணி. உக்காந்துடறேன் ஐயா. ஒரே ஒரு விண்ணப்பம். நீங்க தீர்ப்பு எழுதினதும், அந்தத் தாள்ல ஒரு நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டு எங்க அணிக்குக் கொடுத்துடுங்க. எதிரணி டீக்குப் போனாலும் நான் இங்கதான் இருப்பேன்.