ஆமாவும் இல்லையும் மாறிப்போகும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவரைப் பற்றி நம்ம வேலூர்ப் பக்கம் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "நாக்கு குழறுது" என்பது ஒன்று, "பேச்சே போயிடுச்சு" என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

நாக்கு, உதடு, தொண்டைத் தசைகள் பலவீனமானால் பேச்சு குழறும். அவருக்குச் சொல் தெரியும், கை ஒத்துழைத்தால் சரியாக எழுதியும் காட்டுவார். இரண்டாவது, அஃபேஸியா, அதாவது மூளை பாதிக்கப்பட்டு மொழியே குலைவது. மொழியைக் கையாளும் பகுதி பெரும்பாலானவர்களுக்கு இடது மூளையில் இருக்கிறது, உடம்பின் வலப்பக்கத்தை இயக்குவதும் இடது மூளைதான். அதனால்தான் வலது கை, கால் விழுந்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். 1861-ல் பாரிசில் புரோக்கா என்ற மருத்துவர் கண்ட நோயாளி எதைக் கேட்டாலும் "டான், டான்" என்றார், ஆனால் பிறர் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. 1874-ல் வெர்னிக்கெ விவரித்தவர்கள் நேர்மாறு: சரளமாகப் பேசுவார்கள், பேச்சில் பொருள் இருக்காது, நாம் சொல்வதும் பிடிபடாது. வீட்டில் "புத்தி பேதலிச்சுடுச்சு" என்று முத்திரை குத்தப்படுபவர்கள் இவர்கள்தான். பாவம்!

அஃபேஸியா உள்ளவரிடம் நோட்டும் பேனாவும் கொடுத்து, "பேச வேணாம்பா, எழுதிக் காட்டு" என்பார்கள். அ, ஆ போட்ட அட்டையும் வாங்கி வருவார்கள். மொழி குலையும்போது எழுத்தும் பெரும்பாலும் கூடவே குலைகிறது, ஆகவே அந்த அட்டை அவருக்கு இன்னொரு பரீட்சை, அவ்வளவுதான்.

முதலில் சோதிக்க வேண்டியது அவருடைய "ஆமா"வை. மனதில் "இல்லை" என்று நினைத்து வாயில் "ஆமா" என்பார். விடை உங்களுக்குத் தெரிந்த கேள்விகளாகப் பத்து கேளுங்கள்: "இது நம்ம வீடா?", "இப்ப காட்பாடி ஸ்டேஷன்ல இருக்கமா?" பாதிதான் சரி என்றால் அது குருட்டாம்போக்கில் கிடைக்கிற கணக்கு. வலிக்கிறதா, மாத்திரை போட்டாச்சா என்பதையெல்லாம் அந்த ஆமாவை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

அதற்குப் பதில் பொருளையே காட்டுங்கள். டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். காபி டம்ளரையும் தண்ணீர்ச் சொம்பையும் காட்டி, "எது வேணும்?" என்று ஒரே வாக்கியம். சிலருக்கு வலப்பக்கப் பார்வையும் போயிருக்கும், வலது ஓரத்தில் வைத்த பொருளைக் கவனிக்கவே மாட்டார். இரண்டையும் இடப்பக்கமாக, ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். அவர் தொட்டதும், "தண்ணிதானே?" என்று சொம்பை எடுத்துக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

சொல் வராமல் தவித்தால் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டாம். தட்டு என்றால் முதலில் சாப்பிடுவதுபோல் சைகை, அடுத்து "சோறு போட்டுச் சாப்பிடற..." என்று பாதி வாக்கியம், கடைசியாக "த..." என்ற ஓசை. அதற்கும் வராவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். உடம்பு விசாரிக்க வருபவர்கள் "நான் யாரு, என் பேரு சொல்லுங்க பார்க்கலாம்" என்று ஆரம்பிப்பதை வாசலிலேயே தடுத்துவிடுங்கள். இவர்களுக்குப் பெயர்கள் மிகவும் கடினம்.

வாய் திறக்காதவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார், பழகின முருகன் பாட்டைப் பாடுவார், கோபத்தில் வசவும் சுத்தமாக வரும். நடிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். பழக்கத்தில் ஊறிய பேச்சு தானாக வரும், யோசித்துக் கோர்க்கிற பேச்சுதான் சிக்குகிறது.

நம்ம பக்கத்துக்கென்றே ஒரு சங்கதி உண்டு. குடியாத்தம் பக்கம் வீட்டில் தெலுங்கு, மேல்விஷாரத்தில் உருது, கடைத்தெருவில் தமிழ். அஃபேஸியாவில் எல்லா மொழியும் ஒரே அளவு பாதிக்கப்பட வேண்டும் என்பதில்லை, ஒன்று முந்திக்கொண்டும் திரும்பலாம். தமிழில் மட்டும் சோதித்தால் அவரிடம் மிச்சமிருப்பது கணக்கில் வராமல் போகும். வீட்டில் என்ன மொழி என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

முன்னேற்றம் முதல் சில மாதங்களில் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், நின்றுவிடாது. தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ தொண்டையில் நீர் நிற்பதுபோல் குரல் மாறினாலோ வாய்வழி கொடுப்பதை நிறுத்தி, விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். பேச்சு திடீரென்று மறுபடி மாறினால் உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரம்தான் அவகாசம்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடும் இருக்கிறது, அஃபேஸியாவை அது பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. குறைபாடு நிரந்தரம் என்று தெரிந்தபின் சான்றுக்கு விண்ணப்பிக்கையில், கை கால் பலவீனத்தோடு நிறுத்திவிடாமல் பேச்சையும் சோதிக்கும்படி கேளுங்கள்.