தராசுல ஏறின ஷூ

எல்லாருக்கும் வணக்கங்க. ஓடுறவங்க போடற ஷூவப் பத்திப் பேசச் சொல்லி கூப்ட்டிருக்காங்க, அதுலயும் இந்த லேசான ஷூ, வேகமா ஓடறதுக்குன்னே செய்யறாங்களே, அது. ஓடாதவங்க உடனே ஸ்டேஷன் மாத்திடாதீங்க. உங்க வீட்லயும் யாராவது ஒருத்தர் பதினஞ்சாயிரம் இருபதாயிரம் குடுத்து ஒண்ணு வாங்கிட்டு வந்து, "தூக்கிப் பாரேன், வெறும் இருநூறு கிராம்"னு உங்க கைல குடுத்திருப்பாங்க, நீங்களும் "ஆமா லேசாத்தான் இருக்கு"ன்னு தலையாட்டிட்டு அடுப்பப் பாக்கப் போயிருப்பீங்க. அந்த இருநூறு கிராம் கதைதான் இன்னிக்கு.

எங்க ஞாயித்துக்கிழமை குரூப்ல எனக்கு தராசு அக்கான்னு பேரு. ஏன்னா யார் புது ஷூ போட்டுட்டு வந்தாலும் நான் எடை போட்டுப் பாத்துடுவேன். பெட்டில எழுதியிருக்கற எடை ஏதோ ஒரு சைஸுக்கு, நம்ம சைஸுக்கு மாறும்ல, அதான். முதல்ல மளிகைக் கடை அண்ணாச்சிகிட்டதான் கேட்டேன், அவர் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு "ஏம்மா, அரிசி பருப்பு நிறுக்கற தட்டுல செருப்பையா வெப்ப?"ன்னாரு. நியாயம்தானே. அப்புறம் பழைய பேப்பர் கடைக்காரர் சம்மதிச்சாரு. ஆனா ஒவ்வொரு தடவையும் அவர் கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், "எடைக்குப் போடறீங்களாக்கா?" இருபதாயிரம் ரூபா ஷூவ தட்டுல வெச்சுட்டு நிக்கற தம்பி மூஞ்சிய நீங்க அப்போ பாக்கணும்.

சரி, எடை கம்மியா இருந்தா நிஜமாவே வேகம் கூடுமா? இது வெறும் நினைப்பு இல்லையா? இதை ஒருத்தங்க ரொம்ப அழகா சோதிச்சிருக்காங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல ராட்ஜர் க்ராம்னு ஒரு பேராசிரியர், வவுட்டர் ஹூகாமர்னு ஒரு ஆராய்ச்சியாளர், இவங்க டீம் என்ன பண்ணாங்கன்னா, நல்லா ஓடறவங்க 18 பேர வரவழைச்சு, ஒரே மாதிரி ஷூவ மூணு ஜோடி வெச்சு, ஒரு ஜோடிய அப்படியே விட்டுட்டு, இன்னொண்ணுல ஷூவுக்கு 100 கிராம், மூணாவதுல 300 கிராம், சின்னச் சின்ன ஈயக் குண்டா உள்ள ஒளிச்சு வெச்சுட்டாங்க. ஓடறவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லல. ஒவ்வொண்ணையும் போட்டுட்டு 3000 மீட்டர் ஓட விட்டாங்க, வேற வேற நாள்ல. பாத்தா 100 கிராம் கூடினா நேரம் 0.78 சதவீதம் கூடுது. வெச்சது தெரியாமயே கூடுது. 3000 மீட்டரை பதினோரு நிமிஷத்துல ஓடறவருக்கு அது அஞ்சு செகண்ட். அந்தக் கணக்கை அப்படியே நம்ம மேல போட்டா, ரெண்டரை மணி நேரத்துல அரை மாரத்தான் முடிக்கறவங்களுக்கு ஒரு நிமிஷம் பத்து செகண்ட் மாதிரி வரும். அதாவது 100 கிராம் குறைக்க நீங்க குடுக்கற காசுக்கு கிடைக்கறது அந்த ஒரு நிமிஷம். உங்களுக்கு அது பெருசா சிறுசான்னு நீங்கதான் சொல்லணும், ரெண்டு மணிக்குள்ள முடிக்கணும்னு ஓடி ரெண்டு மணி ஒரு நிமிஷத்துல முடிச்சவங்களுக்கு அது உசுரு.

இப்போ நம்ம ஊரு விஷயத்துக்கு வரேன், இதை ஷூ கம்பெனி எதுவும் விளம்பரத்துல சொல்லாது. நான் ஷூவ ஓடறதுக்கு முன்னாடி எடை போட்டேன், சரி, ஓடி முடிச்சப்புறம் எடை போட்டா என்னன்னு ஒரு நாள் தோணிச்சு. ஜனவரி மாசம், மெரினா பக்கத்துலேருந்து கிளம்பி நீளமா ஒரு ஓட்டம், பனிக்காலம்னு பேருதான், காத்துல ஈரம் அப்படியே நிக்குது. வேர்வை தலைலேருந்து முதுகு, முதுகுலேருந்து தொடை, அப்படியே சாக்ஸ் வழியா ஷூவுக்குள்ள. பத்தாவது கிலோமீட்டர் தாண்டினா சளக் சளக்னு சத்தம் கேக்கும், கேட்டிருப்பீங்க. ஷூவுக்குள்ள பாதத்துக்கு அடில இருக்கற இன்சோல வெளிய உருவி கட்டைவிரலால அமுக்கினா ஓரத்துலேருந்து தண்ணி சொட்டுது. தட்டுல வெச்சா இருநூறுக்குப் பக்கத்துல இருந்த ஷூ, சாக்ஸை சேக்காமயே, அம்பது கிராமுக்கு மேல ஏறியிருக்கு! பேப்பர் கடை தராசு அஞ்சு கிராம் முன்ன பின்ன காட்டும், அத விட்டுடுங்க, அப்பவும் ஏறியிருக்கு. ஆயிரக்கணக்குல குடுத்து குறைச்ச எடைல பாதிய நம்ம வேர்வையே திருப்பி வெச்சுடுச்சு. இதுல வழில தண்ணி குடுக்கற இடத்துல கப்பை எடுத்து அப்படியே தலைல கவுத்துக்கறோமே, அந்தத் தண்ணி எங்க போகும்னு நினைக்கறீங்க? குனிஞ்சு கழுத்துப் பக்கம் ஊத்துங்க, முன்னாடி தரைல விழட்டும். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம், அது குடிச்சத விடாது. மெல்லிசா, நைலான் பாலியெஸ்டர் கலந்த சாக்ஸ் போதும், இருநூறு ரூபா சமாச்சாரம். ஷூ எடையப் பத்தி கவலைப்படறவங்க முதல்ல சாக்ஸப் பாருங்க, திரும்பச் சொல்றேன், முதல்ல சாக்ஸ்.

எடை மட்டுமே கதையான்னா அதுவும் இல்ல. 2017 வரைக்கும் பந்தய ஷூன்னா அடிப்பாகம் தகடு மாதிரி மெல்லிசா இருக்கும், எடையக் குறைக்க வேற வழி தெரியல. எங்க குரூப்ல பேங்க்ல வேலை பாக்கற ஒரு அம்மா அப்படி ஒரு மெல்லிசு ஷூவ ஆசையா வாங்கி முதல் நாளே பத்து கிலோமீட்டர் ஓடிட்டாங்க, அப்புறம் ரெண்டு நாள் ஆடுசதை பிடிச்சு, வீட்டு மாடிப்படில பின்பக்கமா திரும்பி இறங்கினாங்களாம், சிரிக்காதீங்க. 2017-ல நைக்கி வேப்பர்ஃப்ளைனு ஒண்ணு வந்துது, அடிப்பாகம் மொத்தமா உப்பி இருக்கும், ஆனா எடை கம்மி. உள்ள பீபாக்ஸ்னு ஒரு வகை நுரை, அதுக்கு நடுவுல ஒரு கார்பன் தட்டு. அதே கொலராடோ டீம்தான் அதையும் சோதிச்சாங்க. இதுலயும் ஈயக் குண்டு வருது பாருங்க, என் ஆளுங்க! மூணு மாடல் ஷூவ ஒப்பிடணும், எடை வித்தியாசம் குழப்பக்கூடாதுன்னு, லேசா இருந்த ஷூவுக்கெல்லாம் ஈயம் வெச்சு எடையச் சமமாக்கிட்டாங்க. அப்பவும் புது ஷூவுல ஓடினா உடம்பு செலவழிக்கற சக்தி சராசரியா 4 சதவீதம் கம்மி. நம்ம கால் அமுக்கற சக்தில அந்த நுரை 87 சதவீதத்தத் திருப்பிக் குடுக்குது, ஒப்பிட்ட மத்த ரெண்டு ஷூவுல 76ம் 66ம். சாதா நுரை பழைய இலவம்பஞ்சு மெத்தை மாதிரி, அமுங்கும், முழுசா எந்திரிக்காது.

இங்கதான் எனக்கு ஒரு ஆத்திரம். கடைக்குப் போனா எல்லாரும் கேக்கறது "கார்பன் பிளேட் இருக்கா?" விக்கறவரும் அதையேதான் சொல்றாரு, அந்தத் தட்டு ஸ்பிரிங் மாதிரி தள்ளுமாம். ஹூகாமர் பின்னாடி மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் போயிட்டாரு, அங்க அவரும் இன்னொரு ஆராய்ச்சியாளரும் என்ன பண்ணாங்க தெரியுமா, அந்த வேப்பர்ஃப்ளைய எடுத்து முன்பாதத்துக்கு அடில இருக்கற தட்ட குறுக்க ஆறு இடத்துல அறுத்துட்டாங்க! அவ்ளோ விலை ஷூவ! அறுத்துட்டு ஓட விட்டா, உடம்பு செலவழிக்கற சக்தில அறுக்காத ஷூவுக்கும் இதுக்கும் ஒரு சதவீதம் கூட வித்தியாசம் வரல. தட்டு சும்மான்னு நான் சொல்லல, அவ்ளோ மெத்துன்னு இருக்கற நுரைய ஒரு ஒழுங்குல நிறுத்தறதுக்கு அது வேணுமா இருக்கும். ஆனா தள்ளறது நுரை. கடைல அடுத்த தடவ "நுரை என்ன வகை?"னு கேளுங்க. அதே நல்ல நுரைல தட்டு இல்லாம வர்ற ஷூவும் இருக்கு, விலையும் கம்மி, திங்கள் செவ்வாய் ஓடவும் உதவும்.

எல்லாருக்கும் அந்த 4 சதவீதம் கிடைக்குமான்னா, கிடைக்காது. அந்தச் சோதனைல ஓடினவங்க எல்லாம் பாய்ஞ்சு ஓடறவங்க. அப்புறம் வேற சிலர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல ஓட விட்டுப் பாத்தப்போ லாபம் சராசரியா 1 சதவீதத்துக்கிட்ட வந்து நின்னுடுச்சு, சிலருக்கு லாபமே இல்ல. மணிக்கு 10ன்னா கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம், எங்க குரூப்ல பாதிப் பேருக்கு அதுவே கனவு. அஞ்சு கிலோமீட்டரை பத்தொம்பது நிமிஷத்துல ஓடற காலேஜ் தம்பி ஒருத்தன் இருக்கான், அவன் போட்டுட்டு ஓடிட்டு வந்து "அக்கா, ரோடு தள்ளுதுக்கா"ன்னு குதிக்கறான். அதே மாடல வாங்கின ரிட்டயர்டு சார் ஒருத்தர், "எனக்கு ஒண்ணும் தள்ளலையேம்மா, திரும்பற இடத்துல கணுக்கால்தான் ஆடுது"ங்கறாரு. ரெண்டு பேரும் சொல்றது உண்மைதான்.

இதோட உச்சம்னு அப்போ பேசினது 2023 பெர்லின் மாரத்தான். எத்தியோப்பியாவோட டிக்ஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிஷம் 53 செகண்ட், அதுக்கு முந்தின பெண்கள் உலக ரெக்கார்டுலேருந்து ரெண்டு நிமிஷத்துக்கு மேல குறைச்சாங்க. கால்ல இருந்தது அடிடாஸோட 138 கிராம் ஷூ, ஒரு ஷூ 138 கிராம். ஓடி முடிச்சதும் அதக் கழட்டித் தூக்கிக் காட்டினாங்க. நம்ம ஊர்ல செருப்பத் தூக்கிக் காட்டினா அர்த்தமே வேற, அத விடுங்க. அப்போ விலை 500 டாலர், நாப்பதாயிரத்துக்கு மேல, கம்பெனியே ஒரு மாரத்தானுக்குத்தான் செஞ்சோம்னு சொல்லுச்சு. ஒரு மாரத்தானுக்கு! ஷூவே ஓட ஆரம்பிச்சுடும்போலன்னுதான் 2020-லயே உலக தடகள அமைப்பு ரோட்டுப் பந்தயத்துக்கு, அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, உள்ள ஒரு தட்டுதான்னு கட்டுப்பாடு போட்டுட்டாங்க. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல அதே எத்தியோப்பியாவோட அபெபே பிகிலா வெறுங்கால்ல ஓடி மாரத்தான் தங்கம் ஜெயிச்சாரு, 2 மணி 15 நிமிஷம் 16 செகண்ட். ஷூ எடை பூஜ்ஜியம். அவரப் பத்தி அரை மணி நேரம் பேசலாம், ஆனா...

ஆமா, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து விரல் காட்டறாங்க, ரெண்டு நிமிஷமாம். காயம் பத்தி விரிவா சொல்லணும்னு எழுதி எடுத்துட்டு வந்தேன். வேகமா சொல்லிடறேன். தினமும் இதே ஷூவப் போடாதீங்க, வாரத்துல ஒரு வேக ஓட்டத்துக்கும் பந்தயத்துக்கும் மட்டும். நடுப்பாதத்துல, மேல் பக்கம், ஒரு விரல் வெச்சா ஒரே இடத்துல சுருக்குனு வலிச்சா ஓட்டத்த நிறுத்திட்டு எலும்பு டாக்டரப் பாருங்க, அங்க நேவிகுலர்னு ஒரு எலும்பு இருக்கு, கார்பன் ஷூ போட்டவங்க சிலருக்கு அதுல விரிசல் வந்தத டாக்டர்கள் எழுதியிருக்காங்க. கடைக்கு சாயங்காலம் போங்க, கால் வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு வாங்குங்க. மழை நாள்ல ரோட்டுல வெள்ளைக் கோடு மேல மிதிக்காதீங்க, அந்த அடிப்பாகம் வழுக்கும். ஜனவரி மாரத்தானுக்கு வாங்கறவங்க டிசம்பர் ஆரம்பத்துலயே வாங்கி ரெண்டு மூணு தடவ ஓடிப் பாத்துடுங்க. லேஸ் கட்டற முறை இன்னொரு நாள் கூப்ட்டா சொல்றேன், அதுல ஒரு பெரிய சண்டையே இருக்கு எங்க குரூப்ல. கூப்ட்டதுக்கு நன்றிங்க, வணக்கம்.